அக்கா படுத்துப் போன வண்டி

வண்டியில் சத்தம் வருகிறது என்று யார் வந்து நின்றாலும் அந்த மெக்கானிக் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "வீட்ல யாருக்கு முதல்ல கேட்டுச்சு?"

வந்தவர் முழிப்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கடைசியாக சர்வீஸ் விட்டது எப்போது என்று கேட்பார் என எதிர்பார்த்து வந்தவருக்கு, இது ஏதோ குடும்ப விசாரணை மாதிரி இருக்கும். ஆனால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். ஓட்டுகிறவர் காதுக்கு எந்தச் சத்தமும் முதலில் எட்டாது என்பது முப்பது வருஷத்தில் அவர் கண்டது. ஸ்டீயரிங் பிடித்தவருக்கு எதிரே வருகிற லாரி, குறுக்கே நுழைகிற பைக், மண்டைக்குள் ஓடுகிற ஆபீஸ் என்று ஆயிரம் ஜோலி. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிற மனைவி சொன்னால் முன்பக்கம் இடது சக்கரம். "அப்பா, யாரோ அடியில தட்டுறாங்க" என்று பின் இருக்கையிலிருந்து குழந்தை சொன்னால் பின்பக்க ஷாக் அப்சார்பர். அதன் பிறகுதான் அவர் வண்டியில் ஏறி, சொன்னவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஓட்டுங்க" என்பார்.

ஒருமுறை ஒரு பேங்க்காரர் மனைவியோடு வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, இவளுக்குத்தான் டக்கு டக்கென்று கேட்கிறதாம், நீங்களே சொல்லிப் புரியவையுங்கள் என்றார். மெக்கானிக் அவரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தானே ஓட்டினார். முதல் திருப்பத்திலேயே அந்த அம்மா கையைத் தூக்கினார். இரண்டாவது திருப்பத்திலும் தூக்கினார். பேங்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "சார், வண்டி சரியாத்தான் சொல்லுது. அம்மாவும் சரியாத்தான் சொல்றாங்க. ரெண்டு பேரு சொல்றதும் உங்க காதுல ஏறல, அவ்ளோதான்." கடை வந்து சேரும்வரை அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

காது என்றுதான் ஊரில் அவருக்குப் பேர். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. காதண்ணன் கடை என்றால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரை, வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டு தூண் வைத்த ஒரு லிஃப்ட், சுவரோரமாக ஆள் இறங்கி நின்று வேலை பார்க்க நீளமான ஒரு குழி. அவ்வளவுதான் கடை.

லிஃப்ட் ஒன்று, குழி ஒன்று என்று இரண்டும் எதற்கு என்று கேட்டால் அவர் ஒரு பாடமே நடத்துவார். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளுக்கு ஒவ்வொரு மூட்டிலும் ரப்பரால் ஆன புஷ் இருக்கும். லிஃப்டில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், கையும் கூடவே தொங்கும். அந்த நிலையில் புது புஷ் மாட்டி போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் கை மேலே வரும், இறுக்கிய ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கொஞ்ச நாளில் கிரீச்சிடும். பிறகு கிழியும். அதனால் லிஃப்டில் மாட்டவேண்டும், போல்ட்டை லேசாக விட்டு வண்டியை இறக்கவேண்டும், குழிக்கு மேலே நிறுத்தி, நாலு சக்கரமும் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது அடியில் இறங்கி இறுக்கவேண்டும். "உங்க கழுத்தைத் திருப்பி வச்சு அப்படியே கட்டிப் போட்டா நாளெல்லாம் எப்படி இருக்கும்? ரப்பருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்பார்.

இதைச் செய்யாதவர்களை அவரால் மன்னிக்க முடியாது. வேறு கடையில் வேலை பார்த்த வண்டி வந்தால் அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காத்துல முறுக்கியிருக்கான்" என்பார். அவர் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. நாளடைவில் அது கடைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் பேசி முடித்த கல்யாணமா, ஒரு மாதத்தில் எழுப்பிய மாடியா, எல்லாமே காத்துல முறுக்கினதுதான்.

அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். ஏழு வயது மூத்தவள். அப்பா போனபோது அவருக்கு வயது ஆறு. அம்மா கட்டட வேலைக்குப் போய்விட, தலை துவட்டி, பை மாட்டி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய்த் தள்ளியதெல்லாம் அக்காதான். பதினைந்து வயதில் அவள் தையல் கம்பெனியில் சேர்ந்தாள். சட்டைக்குக் காலர் மட்டும் தைக்கிற வரிசையில் இருபத்திரண்டு வருஷம். "எத்தனை பேரு கழுத்து என் கையில இருந்திருக்கு தெரியுமாடா" என்பாள். தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று முப்பது தாண்டும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். பிறகு வாய்த்தவர் மாமா, பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாராவது கிளறினால் அக்கா முந்திக்கொள்வாள். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பையன் இருந்தான். தெரிஞ்சுதான் இவர் என்னைக் கட்டினார்." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

மாமாவிடம் பதினோரு வருஷமாக ஒரு வெள்ளிநிறக் கார். தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவர் மெக்கானிக்தான். மாமா ஓட்டுவதைப் பார்க்கவேண்டும். மூன்றாவது கியர் போடவேண்டுமென்றால் மேலிடத்துக்கு மனு எழுதி, கையெழுத்தாகி வந்த பிறகுதான் போடுவார் என்று மெக்கானிக் கேலி செய்வார். "நான் மெதுவா போறதாலதான் மச்சான் உனக்கு வேலை வைக்காம இருக்கேன்" என்பார் மாமா.

அக்காவுக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்து ஆறு வருஷம் ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. ஏழாவது வருஷம் முதுகுவலி என்று போனவளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் வந்திருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நோயை இனி எடுக்க முடியாது, ஆனால் முதுகுக்குப் பத்துத் தடவை கதிர்வீச்சு கொடுத்தால் வலி தணியும், எலும்பு கொஞ்சம் தாங்கும், கடைசிவரை சொந்தக் காலில் நடமாடலாம் என்றார். அந்த மெஷின் இருப்பது அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே தங்கப் படுக்கை இல்லை. தினமும் போய்த் தினமும் வரவேண்டும்.

அக்கா கேட்டதில் ஒன்று மட்டும் மெக்கானிக்கின் மனதில் நின்றது. "நடக்க முடியும்ல? பாத்ரூமுக்கு நானே போயிட்டு நானே வரணும். யாரும் என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

முதல் தடவை ஒரு வியாழக்கிழமை. மாமா பின் இருக்கையில் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. சாயங்காலம் மெக்கானிக் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"குலுங்குறதுகூடப் பரவாயில்லடா. அந்த வண்டி சத்தம் போடுது பாரு, அதுதான். சத்தம் வந்ததும் உடம்பு தன்னால இறுகிக்குது. இறுகினா முதுகுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. அறுபது கிலோமீட்டரும் அடுத்த சத்தம் எப்ப வரும்னே படுத்திருந்தேன். இப்படியே இருந்தா நான் வரல."

ஆம்புலன்ஸ் என்று மாமா ஆரம்பித்தார். ஒரு தடவை அதில் ஏற்றிக் கட்டிப் போட்டார்கள், மூச்சே முட்டிவிட்டது, அதற்கு இது மேல் என்றாள்.

மெக்கானிக்குக்கு முகம் சுண்டிவிட்டது. ஊர் வண்டிகளையெல்லாம் வாயடைக்க வைத்தவர் அவர். அக்கா வண்டியை ஒரு வருஷமாகத் தொட்டுப் பார்க்கவில்லை. ஓட்டம் குறைவு, மாமா வேறு மெதுவாகப் போகிறவர் என்று இருந்துவிட்டார். "ரெண்டு நாள் குடுக்கா. வண்டிய ஊமையாக்கித் தரேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் அவர் அந்த மெத்தையில் அக்கா படுத்த மாதிரியே படுத்துக்கொண்டார். இடதுபக்கம் தலை, முழங்கால் மடக்கி, காது இருக்கையில் பதிய. மாமாவை ஓட்டச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வரவேண்டும் என்றார்.

"நீ படுத்துக்கிட்டு வருவ, நான் உனக்கு டிரைவரா?" என்றார் மாமா. ஆனால் ஓட்டினார்.

உட்கார்ந்து கேட்கிற சத்தம் வேறு, படுத்துக் கேட்கிற சத்தம் வேறு என்பது முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு அன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்தால் காதுக்கு மட்டும் வருவது, படுத்தால் கன்ன எலும்பு வழியாகப் பல்லுக்குள் வந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் முன்னால் கடகடவென்றது. அது முன்சக்கரத்தோடு மாட்டியிருக்கும் சின்னக் கம்பி, லிங்க் ராட். பள்ளத்தில் இறங்கினால் தலைக்குப் பக்கத்திலேயே யாரோ பலகையால் அடித்த மாதிரி ஒரு டொம். அது பின் ஷாக்கின் மேல்மூட்டு. மூன்றாவதுதான் மோசம். வேகத்தடை ஏறி இறங்கும்போது கதவுக் கீல் மாதிரி நீளமாக ஒரு கிரீச். முன்பக்கக் கைகளின் புஷ் செத்துப்போயிருந்தது. பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றார். என்ன மச்சான் என்று மாமா கேட்டதற்கு, கால் மரத்துப்போச்சு என்றார்.

லிங்க் ராடும் ஷாக் மேல்மூட்டும் சனிக்கிழமையே கிடைத்தன, மாட்டியாயிற்று. புஷ் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மாமாவின் வேகத்துக்கு ஒன்பதுக்குக் கிளம்பவேண்டும். ஆறு மணிக்கே மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டார். பழைய புஷ்களைப் பிதுக்கி எடுத்து, புதியவற்றை அழுத்தி ஏற்றி, இரண்டு கைகளையும் மாட்டி, போல்ட்டுகளைக் கையால் திருகி விட்டபோது மணி எட்டே முக்கால்.

இனி இறக்கிக் குழிக்கு மேல் நிறுத்தவேண்டும். குழியின் மேல் ஒரு டெலிவரி வேன் நின்றது. கியர்பாக்ஸை இறக்கிப்போட்ட வேன். நாலு ஆள் தள்ளினால்தான் நகரும். அவரோடு கடையில் இரண்டு பையன்கள்தான் இருந்தார்கள். பக்கத்துக் கடைக்கு ஆள் கூப்பிட அவர் வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. மாமா.

"எங்க இருக்க? அவ துணி மாத்திக்கிட்டு நாற்காலில உக்காந்துட்டா. பத்து நிமிஷத்துக்கு மேல உக்கார முடியலன்னு உனக்குத் தெரியாதா? இப்ப மறுபடி படுக்க வச்சா இன்னைக்கு எந்திரிக்க மாட்டா. உனக்கு அக்காவ விட வண்டி பெருசா போச்சா?"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை.

மெக்கானிக் உள்ளே வந்து வண்டியைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, அடியில் நின்று நாலு போல்ட்டையும் இறுக்கினார். சாயங்காலம் வந்ததும் தளர்த்தி, தரையில் வைத்து மறுபடி இறுக்கிவிடலாம், ஒரு நாளில் ரப்பருக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்துக்கொண்டார். கடையில் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். வண்டி வந்தது. கதவைத் திறந்தால் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பியதும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவரையே பார்த்தாள்.

"வந்துட்டமா? ஒரு சத்தம் இல்லடா. தூங்கிட்டேன்."

மாமா சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, காலையில் கத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்ற தோரணையில், "உன்னைக் காதுன்னு சும்மா சொல்லல மச்சான்" என்றார்.

அன்று அந்த வண்டியை அவர் கடைக்கு எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறது என்று அக்கா சொன்ன வண்டியில் மறுபடி கை வைக்க மனசு வரவில்லை. ஓடுகிற வண்டியைப் பிரித்தால் எங்காவது புதிதாக ஒரு சத்தம் கிளம்பும் என்ற பயம் எல்லா மெக்கானிக்குக்கும் உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார். நாளைக்கும் அதையே நினைத்தார். பிறகு வாரக் கடைசி என்றாயிற்று.

தினமும் சாயங்காலம் போனதும் முதல் கேள்வி, "சத்தம் இருக்காக்கா?" என்பதுதான். இல்லை என்பாள் அக்கா. மூன்றாம் நாள் கேட்டபோது, "உனக்கு வேற பேச்சே கிடையாதா? வந்தா வண்டிய விசாரிக்கிற, என்னை விசாரிக்கிறியா?" என்று அடித்தாள். அவர் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினார். அக்கா விடவில்லை. "வாரம் பூரா ஓடின வண்டி, ஒரு நாள் நிக்கட்டும். நீ இங்க உக்காரு." கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சின்ன வயதில் அவர் ஒரு கணக்குப் பரீட்சையில் வாங்கிய முட்டையை எட்டாக மாற்றிக் கொண்டுவந்த கதையைச் சொல்லி அவர் மானத்தை வாங்கினாள். மாமாவும் சிரித்தார், ஆனால் வழக்கமாகப் போடுகிற எதிர்ப்பாட்டு அன்று போடவில்லை. சாவி ஆணியிலேயே தொங்கியது.

திங்கட்கிழமை ஏழாவது தடவை போய்வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, போதும் என்றுவிட்டாள்.

இன்னும் மூன்றுதானே என்று மெக்கானிக் கெஞ்சினார். டாக்டர் போனில் பேசினார். "உடம்பு கேக்கலடா, விடு" என்றாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் பேச முடியாது. அந்த ஏழுக்கே வலி கொஞ்சம் தணிந்ததுபோல் இருந்தது. மூன்று வாரம் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு ஒருநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கக் கால் வரவில்லை.

அதன் பிறகு ஐந்து வாரம். பாத்ரூமுக்குத் தூக்கிப்போவது மெக்கானிக்கின் வேலையாயிற்று. காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவர் மனைவியும் மாமாவும் மற்ற நேரத்துக்கு. தூக்கும்போது அக்கா அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கிரீஸ் நாத்தம்" என்பாள். ஒருநாள் அதையும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் போய்விட்டாள்.

மாமா இரண்டு மாதம் வண்டியை எடுக்கவேயில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன், வாங்க வருகிறவன் குறை சொல்லாதபடி ஒரு பார்வை பார்த்துவிடு என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தெருமுனைவரை போனார். அங்கே ஒரு வேகத்தடை.

கிரீச்.

திரும்பி வரும்போதும் அதே. ஊமையாக்கித் தருகிறேன் என்றவர் காலடியில், முன்னைவிட நீளமாக, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

லிஃப்டில் ஏற்றினார். விளக்கைப் பிடித்து ஒரே ஒரு தடவை பார்த்தார். இரண்டு பக்கமும் ரப்பர் உள்ளேயிருக்கும் இரும்பு வளையத்தை விட்டுக் கழன்று, ஒரே திசையில், ஒரே அளவில் கிழிந்திருந்தது. தேய்ந்து கிழிந்தால் ஒன்று அப்படி, ஒன்று இப்படி இருக்கும். இப்படிக் கிழிவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதற்கு அவர் கடையில் பேரே வைத்திருந்தார். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டி இரண்டு மாதம் நின்றே கிடந்தது. அதற்கு முன்னால் அது ஓடியதெல்லாம் ஒரே சாலையில்தான்.

"மாமா, இந்தச் சத்தம் எப்போலேருந்து?"

மாமா பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"நீ போட்டுக் குடுத்த மூணாம் நாள். புதன்கிழமை. போறப்பவே ஆரம்பிச்சுது."

"சொல்லலையே."

"சொல்லக் கூடாதுன்னுட்டா. அவன் காதுக்குப் போனா ராவெல்லாம் உக்காந்து வண்டியப் பிரிப்பான், அக்காவுக்குப் பண்ணினது சரியில்லாமப் போச்சேன்னு செத்துடுவான்னா. அந்தச் சனிக்கிழமை நீ சாவி கேட்டப்ப எனக்கு உயிரே போச்சு. அவதான் உன்ன உக்கார வச்சுட்டா." மாமா கண்ணாடியை மடக்கி மடக்கிப் பிரித்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டே வருவா மச்சான். வண்டிக் கண்ணாடில பார்த்தா தெரியும். ஒரு துணியை வாயில வச்சுக்குவா."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் மெக்கானிக் கேட்டார். "ஏழோட நிறுத்தினது இதனாலயா?"

"தெரியல. கேட்டேன். உடம்பு முடியலன்னுதான் சொன்னா. அவ எதைத்தான் உள்ளபடி சொன்னா?" மாமா நிமிர்ந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "புதுசு போட்டியே, எப்படி மூணு நாள்ல போச்சு? சரக்கு மட்டமா?"

மட்டம் என்று சொல்லிவிடலாம். கடைக்காரன் மேல் போட்டுவிடலாம். ஒரு நொடி நாக்கு அங்கேதான் போனது. ஆனால் அக்கா வாயில் வைத்த துணியைக் கேட்ட பிறகு அவரால் ரப்பரைப் பழி சொல்ல முடியவில்லை.

"சரக்கு நல்ல சரக்கு மாமா. நான்தான். தரையில வச்சு முறுக்கணும். தொங்கவிட்டே முறுக்கிட்டேன்."

இந்தப் பாடத்தை மாமா நூறு தடவையாவது கேட்டிருப்பார். அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. எதையோ தேடிப் பின்னால் போகிற முகம்.

"அன்னைக்குக் காலையில நான் போன் பண்ணேனே. உன்னைக் கத்தினேன். அதுக்கு அப்புறமா நீ..."

எழுபதை நெருங்குகிற மனிதர். சட்டையின் மேல் பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். காலையில் எழுந்து தனக்குத்தானே டீ போட்டுக் குடித்துவிட்டு, அந்த வீட்டில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். இந்த ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினால் அவர் எங்கே வைத்துக்கொள்வார்?

"அது இல்ல மாமா" என்றார் மெக்கானிக். "உங்க போன் வர்றதுக்கு முன்னாடியே முறுக்கி முடிச்சுட்டேன். குழிமேல வேற ஒருத்தர் வண்டி நின்னுச்சு. அவசர வேலைன்னு சொல்லியிருந்தார். அதை நகத்தி வேலையைக் கெடுக்க வேணாம்னு பார்த்தேன்."

மாமா அந்தக் குழியைப் பார்த்தார். இப்போது அதன் மேல் ஒன்றும் இல்லை.

"வேற ஒருத்தர் வண்டி."

"ஆமா."

"உங்க அக்கா வண்டிக்கு முன்னாடி."

மெக்கானிக் தலையசைத்தார். மாமா எழுந்தார். கத்துவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி, வெயிலில் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டயர் மேல் வைத்த சாவி அங்கேயே கிடந்தது.

புது புஷ் மூன்றாம் நாள் வந்தது. மெக்கானிக் அன்று வேறு வண்டி எதையும் தொடவில்லை. லிஃப்டில் மாட்டி, போல்ட்டைக் கையால் திருகி, வண்டியை இறக்கிக் குழிக்கு மேல் தள்ளினார். முன்னாலும் பின்னாலும் அழுத்திக் குலுக்கி நிலைப்படுத்தினார். குழிக்குள் இறங்கி, பாரம் முழுதும் சக்கரத்தில் நிற்க, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். பத்து நிமிஷம் ஆயிற்று. மேலே ஏறாமல் அந்தக் குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

பிறகு தனியாக அந்தச் சாலையில் ஓட்டிப் போனார். அறுபது கிலோமீட்டர். எல்லா வேகத்தடையிலும் ஏறி இறங்கினார். விலகிப் போகக்கூடிய பள்ளத்தில்கூட வேண்டுமென்றே விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பினார். பின் இருக்கையில் மெத்தை அப்படியே விரித்திருந்தது. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. ஒரு சத்தம் இல்லை.

சாயங்காலம் மாமா வீட்டு வாசலில் நிறுத்தி மணி அடித்தார். கதவு திறக்கவில்லை. ஜன்னலுக்கு மாமா வந்தார். முப்பது வருஷமாக அவரை மச்சான் என்றும் நீ என்றும்தான் மாமா கூப்பிட்டிருக்கிறார்.

"வச்சுட்டுப் போங்க" என்றார்.

மெக்கானிக் ஜன்னல் கம்பிக்குள் சாவியை நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார். மெக்கானிக் படியிறங்கி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.